மண்டை ஓடாதபோது என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுவண்ணாரப்பேட்டையில் வீட்டு முன்னறையில் மாலை டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, கணக்கும் அறிவியலும். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் என்னிடம் கணக்கைக் கேட்டதைவிட “எனக்கு மட்டும் ஏன் மிஸ் வரமாட்டேங்குது?” என்று கேட்டதுதான் அதிகம். அவர்களை அழைத்துப்போக வரும் அம்மாக்களும், பைக்கை அணைக்காமலே வாசலில் நிற்கும் அப்பாக்களும் கேட்பது கடன், கடை, வேலை மாறுவது பற்றி. ஆனால் அடியில் ஓடுவது பிள்ளைகள் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்வதற்காகவே உளவியல் படிக்க ஆரம்பித்தேன். நான் நிபுணர் கிடையாது. படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

‘மண்டை ஓடவில்லை’ என்கிறோமே, உள்ளே என்னதான் நடக்கிறது?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, இடம் போதவில்லை. மனதில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துப் புரட்டக்கூடிய விஷயங்கள் ரொம்பக் கொஞ்சம். ஏழு, ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் சொன்னார். 2001-ல் நெல்சன் கோவன் அதை நாலு என்ற அளவுக்குக் குறைத்தார். பர்மா பஜாரில் நடைபாதையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கடை விரித்த மாதிரி. நாலு பொருள் வைக்கலாம், ஐந்தாவதை வைத்தால் ஏதாவது ஒன்று கீழே விழும். அதனால்தான் திணறுகிற பிள்ளையிடம் “நல்லா யோசி” என்று நான் சொல்வதில்லை. “தெரிஞ்சதை எழுது” என்கிறேன். எழுதியதும் ஸ்டூலில் இடம் காலியாகிறது.

இரண்டாவது, கேள்வியை மனம் தனக்குள் ஒரு விதமாக வரைந்துகொண்டுவிட்டது. அந்தப் படத்தில் விடைக்குப் போகும் வழி இல்லை. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் பிரச்னை தீர்ப்பதை வழி தேடுவதாகவே விவரித்தார்கள். இப்போது நிற்கும் இடம், போகவேண்டிய இடம், நடுவில் நுழையக்கூடிய சந்துகள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது, வேறு வழி தெரிந்தவன் வண்டியைத் திருப்புகிறான். தெரியாதவன் ஹாரன் அடிக்கிறான். அவனிடம் பெட்ரோலுக்கும் குறைவில்லை, ஓட்டும் திறமைக்கும் குறைவில்லை. சிக்கி நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாம் வகை என்பது என் அனுபவம்.

அப்படியென்றால் சிக்கிக்கொள்வது அறிவுக் குறைவு இல்லையா?

பல நேரம் நேர்மாறு. முன்பு நன்றாக வேலை செய்த ஒரு வழிதான் கண்ணை மறைக்கிறது. 1942-ல் ஆப்ரகாம் லூச்சின்ஸ் வெளியிட்ட பரிசோதனையை நம் ஊர்க் குடங்களை வைத்தே சொல்கிறேன். கணக்கு அவருடையது, குடமும் லிட்டரும் என்னுடையவை.

மூன்று குடம். நடுக்குடம் 21 லிட்டர், பெரிய குடம் 127, சின்னக் குடம் 3. (127 லிட்டர் குடத்தை யார் தூக்குவது என்று கேட்காதீர்கள்.) சரியாக 100 லிட்டர் வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து நடுக்குடத்தை ஒருமுறையும் சின்னதை இருமுறையும் நிரப்பி எடுத்துவிட்டால் மிச்சம் 100. இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துப் பழக்கினார். அப்புறம் இதைக் கொடுத்தார்: நடுக்குடம் 23, பெரியது 49, சின்னது 3, வேண்டியது 20. பழைய வழியிலும் வரும்: 49-லிருந்து 23, பிறகு 3, இன்னொரு 3. ஆனால் 23-லிருந்து 3-ஐ எடுத்தாலே வேலை முடிந்தது. பழகியவர்களில் பெரும்பாலோர் சுற்று வழியிலேயே போனார்கள். பழக்கப்படாத ஆட்கள் குறுக்கு வழியை உடனே பார்த்தார்கள்.

இதை என் டியூஷனில் செய்து பார்த்தேன். ஐந்து கணக்கு போட்டுப் பழகிய பன்னிரண்டு பேரும் ஆறாவதற்கும் பெரிய குடத்தையே தூக்கினார்கள். அன்று மெட்ரோ வாட்டர் லாரி வருவதாகச் சொல்லி, வரிசையில் குடம் போட்டுவிட்டு லேட்டாக வந்தாள் ஒருத்தி. முதல் ஐந்தையும் அவள் போடவே இல்லை. பலகையைப் பார்த்தாள், “இருபத்தி மூணுல மூணு போனா இருபது, இதுக்கு எதுக்கு மிஸ் இவ்ளோ?” என்றாள். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பையனின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

லூச்சின்ஸ் தொடர்ந்து கொடுத்த இன்னொரு கணக்கு: நடுக்குடம் 28, பெரியது 76, சின்னது 3, வேண்டியது 25. இதை விடை சொல்லாமல் விடுகிறேன், கடைசியில் பார்க்கலாம். வேறொன்றும் செய்தார். சிலரை, தாளில் ‘குருடாக இருக்காதே’ என்ற பொருள்படும் ஒரு வரியை எழுதிக்கொள்ளச் சொன்னார். அது கொஞ்சம் பேருக்கு உதவியது, எல்லோருக்கும் இல்லை. பழக்கத்துக்கு அவ்வளவு பிடி.

பழக்கம் கெட்டது என்று முடிவு கட்டிவிடவேண்டாம். பழக்கம் இல்லாவிட்டால் தினமும் தோசை ஊற்றுவதைக்கூட முதலிலிருந்து யோசிக்கவேண்டும். “இந்த வழி ஏன் வேலை செய்தது, அந்தக் காரணம் இங்கேயும் இருக்கிறதா?” என்று நடுநடுவே கேட்டுக்கொண்டால் போதும்.

வழி கண் முன்னாலேயே இருந்தும் தெரியாமல் போவது ஏன்?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்போமே, அதைச் சோதனைக்கூடத்தில் காட்டியவர் கார்ல் டங்கர் என்ற ஜெர்மானியர். மேசையில் ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு அட்டைப்பெட்டி நிறைய குத்தூசிகள். மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தி எரிய வைக்கவேண்டும். பலர் மெழுகுவர்த்தியையே குத்தூசியால் சுவரில் அடிக்கப் பார்த்தார்கள், அல்லது மெழுகை உருக்கி ஒட்டப் பார்த்தார்கள். பெட்டியைக் காலி செய்து, அதைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதுதான் விடை. குத்தூசிகளை வெளியே கொட்டிப் பெட்டியைத் தனியாக வைத்தபோது இன்னும் நிறையப் பேர் தீர்த்தார்கள். பொருள்கள் அதேதான். உள்ளே ஊசி இருந்தவரை அது ‘ஊசிப் பெட்டி’. காலியானதும் வெறும் பெட்டி.

1931-ல் நார்மன் மேயர் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். கூரையிலிருந்து இரண்டு கயிறு தொங்குகிறது. இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடவேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றது எட்டாது. அறையில் ஒரு குறடு கிடக்கிறது. அதை ஒரு கயிற்றில் கட்டி ஊஞ்சல்போல ஆடவிட்டு, மற்ற கயிற்றோடு நின்றால் அது தானே கைக்கு வரும். திணறியவர்கள் பக்கத்தில் மேயர் தற்செயலாக நடந்துபோவதுபோலப் போய்க் கயிற்றை லேசாக அசைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பலருக்கு விடை வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் கயிறு அசைந்ததைச் சொல்லவே இல்லை, தானாகத் தோன்றியதாம். நமக்கு யோசனை எங்கிருந்து வந்தது என்று நமக்கே தெரிவதில்லை. “இது நான் சொன்ன ஐடியா” என்று வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான்.

காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். படகுகளின் விலாவில் பழைய லாரி டயர்கள் வரிசையாகத் தொங்கும். டயர் என்றால் உருள்வதற்கு என்று நினைப்பவனுக்கு அது தோன்றாது. தடித்த ரப்பர் வளையம், மோதினால் அழுந்தும், உப்புத்தண்ணீரிலும் சீக்கிரம் அழியாது என்று பார்ப்பவனுக்குத் தோன்றும். 2012-ல் டோனி மெக்காஃப்ரி என்ற ஆய்வாளர் கிட்டத்தட்ட இதையே பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்து, பலன் இருப்பதாகக் காட்டினார். ஒரு பொருளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் வேலையைச் சொல்லாமல் உருவத்தையும் தன்மையையும் மட்டும் வைத்துச் சொல்லிப் பார்க்கவேண்டும். ‘திரி’ என்று சொல்லாமல் ‘நூல்’ என்றால், மெழுகுவர்த்திக்குள் ஒரு கயிறு இருப்பது தெரிகிறது.

விடாமல் முட்டிக்கொண்டே இருப்பதா, ஆறப்போடுவதா?

‘ஆறப்போடு’ என்று நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. 1926-ல் கிரஹாம் வாலஸ் இதை நாலு கட்டமாகப் பிரித்தார்: உட்கார்ந்து உழைப்பது, ஊறவிடுவது, பளிச்சென்று தோன்றுவது, சரிபார்ப்பது. கணித மேதை ஆன்ரி புவான்கரே பல நாள் ஒரு கணக்கோடு மல்லாடிவிட்டு வெளியூர் போனார். அங்கே குதிரை பஸ்ஸின் படியில் கால் வைத்த கணத்தில், அதுவரை எங்கேயோ இருந்த ஒரு தொடர்பு தெளிவாகத் தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். படியில் கால் வைப்பது மட்டும் போதுமென்றால் 56-ஏ பஸ்ஸில் தினமும் தொங்குகிற நாமெல்லாம் மேதைகள்தான்.

2009-ல் சியோ, ஆர்மரோட் இருவரும் 117 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆறப்போடுவது உதவுகிறது. ஆனால் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் உழைத்தோமோ, அந்த அளவுக்குப் பலன் கூடுகிறது. அரை நிமிஷம் பார்த்துவிட்டு “ஆறப்போட்டிருக்கேன் மிஸ்” என்பவனுக்கு ஊறுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. ஊறப்போடாத அரிசி தோசை மாவாக அரைபடாது.

இடைவெளியில் என்ன செய்வது? மூளையை ரொம்ப வாட்டாத வேலை. பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, நடப்பது. 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் செய்த சோதனையில், நடந்துகொண்டே யோசித்தவர்களுக்கு உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகமான புது யோசனைகள் வந்தன, வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும்கூட. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களுக்கு நடை கைகொடுக்கவில்லை. கன்டெய்னர் லாரிகள் நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் நடந்து பார்க்கவேண்டாம், உயிரோடு திரும்புவதே பெரிய கணக்காகிவிடும். மொட்டை மாடி போதும்.

போனை எடுத்து வீடியோ தள்ளிக்கொண்டிருப்பதை நான் இடைவெளி என்று கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டூலில் இருந்த நாலு பொருளையும் கீழே தள்ளிவிட்டு யாரோ தன் சரக்கை வைத்துவிடுகிறார்கள்.

ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் சொன்னதாகச் சொல்கிறார்களே?

இதைக் கேட்காத பேட்ச் இல்லை. நம்ம ஏரியாக்காரர் என்ற உரிமையும் சேர்ந்துகொள்கிறது. 1912 மார்ச்சில் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்திலும் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

தாயார் சொன்னார் என்று அவரே நம்பியதை நான் மறுக்கப்போவதில்லை. கனவுக்கு முன்னால் நடந்ததைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள், அதைத்தான் சொல்கிறேன். கும்பகோணத்தில் சின்ன வயதில் கையில் கிடைத்த, ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் கொண்ட கார் என்பவரின் தொகுப்பை வரி வரியாகத் தானே போட்டுப் பார்த்தவர். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதியவர். அவ்வளவு உழைத்தவருக்குக் கனவில் வந்தது. அப்படி வந்ததெல்லாம் சரியாகவும் இருக்கவில்லை. பகா எண்கள் பற்றி அவர் ஹார்டிக்கு எழுதியவற்றில் தவறுகள் இருந்தன. வாலஸின் நாலாவது கட்டம், சரிபார்ப்பது, மேதைக்கும் தப்பாது.

வீட்டில் வருகிறது, பரீட்சை ஹாலில் பிளாங்க் ஆகிறது. ஏன்?

மறுபடி அந்த ஸ்டூல்தான். “ஃபெயிலானா அப்பா என்ன சொல்வார்” என்பது ஒரு பொருள். “பக்கத்துப் பெண் அடிஷனல் ஷீட் வாங்கிட்டாளே” இன்னொன்று. கணக்குக்கு இடம் எங்கே?

2011-ல் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் ஒரு எளிய வழியைச் சோதித்தார்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிஷம், அந்தத் தேர்வைப் பற்றிய பயத்தையே தாளில் எழுதச் சொன்னார்கள். அதிகம் பதற்றப்படும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மதிப்பெண் கூடியது. இதைக் கேட்ட ஒரு அம்மா என்னைச் சண்டைக்கே கூப்பிட்டார், “நல்ல நேரத்துல அபசகுனமா எழுதச் சொல்றீங்களா டீச்சர்?” என்று. எழுதினால் பயம் பெருகாது, கீழே இறக்கிவைத்த மாதிரிதான் என்று விளக்கினேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. மகள் மட்டும் எழுதி, கிழித்துப்போட்டுவிட்டு ஹாலுக்குள் போனாள்.

ஹாலுக்குள்ளேயே முட்டி நின்றால், அந்தக் கேள்வியை விட்டு நகர்ந்து, நிச்சயம் தெரிந்த ஒன்றை எழுதிவிட்டு வாருங்கள். கொஞ்சம் பதற்றம் நல்லது, அதிகமானால் கெடுதல் என்று எல்லோரும் வளைகோடு போட்டுக் காட்டுவார்களே, அதன் மூலம் 1908-ல் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளை வைத்துச் செய்த சோதனை. மனிதப் பரீட்சைக்கு அதை அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

கடன் நெருக்கும்போது ஒரு யோசனையும் வரமாட்டேன் என்கிறது. என் புத்தி மழுங்கிவிட்டதா?

இல்லை அக்கா. நீங்கள் கேட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கான மிகப் பிரபலமான ஆய்வு நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்கு வருஷத்தில் ஒருமுறைதான் பெரிய பணம் கைக்கு வரும். அறுவடைக்கு முன் கை வற்றிக் கிடக்கும், பின்னால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே ஆளுக்கு முன்னும் பின்னும் படப் புதிர்களும் கவனச் சோதனைகளும் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு தெளிவாக நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-ல் இதை வெளியிட்டார்கள். பணக் கவலை, ஸ்டூலின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். இது முடிந்த பேச்சு இல்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2016-ல் வந்த ஓர் ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஒருவேளை சம்பளச் சுழற்சி வேறு, அறுவடைச் சுழற்சி வேறு.

நம் பக்கத்தில் அறுவடைக்கு ஒப்பாக எதைச் சொல்வது? தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. என் மாணவன் ஒருவனின் அப்பா காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கிறவர். சத்தத்தை வைத்தே எந்தக் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த மனிதர் ஒரு மே மாதம் ஸ்கூல் ஃபீஸுக்காக ஒரு பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கினார். புதுக் கடனின் வட்டி பழையதைவிட அதிகம். நான் கேட்டபோது, “அன்னிக்கு அது தெரியவே இல்ல டீச்சர், ஃபீஸ் மட்டும்தான் தெரிஞ்சுது” என்றார்.

அதனால் நான் சொல்வது இரண்டு. கை இறுகியிருக்கும் மாதத்தில் பெரிய முடிவை எடுத்தே ஆகவேண்டுமென்றால், தாளில் எழுதி, அந்த நெருக்கடியில் இல்லாத ஒருவரிடம் காட்டிவிட்டு எடுங்கள். கை கொஞ்சம் தளர்ந்த மாதத்திலேயே அடுத்த நெருக்கடிக்கான முடிவுகளைச் செய்துவையுங்கள். ஒன்றை மட்டும் மறைக்கமாட்டேன்: உங்கள் பிரச்னை பணம்தான். மனப்பயிற்சி செய்தால் கடன் தீரும் என்று யாராவது கட்டணம் கேட்டால், கடன்காரர் பட்டியலில் அவரும் சேர்வார்.

எத்தனையோ முறை முயன்றாச்சு. இனி என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுகிறது.

1967-ல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு கொடுமையான சோதனை செய்தார்கள். எது செய்தும் நிறுத்தமுடியாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தபோதும் படுத்தே கிடந்தன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல், மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அதே இருவரும் தங்கள் விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் துவண்டு கிடப்பதுதான் உடம்பின் இயல்பான பதில். ‘என்னால் ஏதோ மாற்றமுடிகிறது’ என்பதைத்தான் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. துவண்டுபோன பையனிடம் ஏதோ ரிப்பேர் என்று பார்க்கவேண்டியதில்லை. அவன் கை பட்டு ஏதாவது ஒன்று மாறுவதை அவனே பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கணக்கில் 14, 17 என்று வாங்கிக்கொண்டிருந்த ஒருவனுக்குப் புத்தகத்தை மூடிவைத்து, கிராஃப் போடுவதை மட்டும் ஒரு மாசம் கொடுத்தேன். அடுத்த தேர்வில் அந்த ஒரு கேள்விக்கு முழு மார்க். மொத்த மார்க் அப்போதும் ஃபெயில்தான். ஆனால் “அடுத்து எது மிஸ்?” என்று அவனாகக் கேட்டான்.

எங்கே ஆரம்பிப்பது?

1945-ல் ஜார்ஜ் போல்யா கணக்குக்காகச் சொன்ன கேள்விகள் கணக்குக்கு வெளியேயும் ஓடும். கேட்டிருப்பது என்ன? கொடுத்திருப்பது என்ன? இதுபோல ஒன்றை முன்பு பார்த்திருக்கிறேனா? கடைசியிலிருந்து பின்னோக்கி வரமுடியுமா?

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கும் பெண், என் பழைய மாணவி, அஞ்சல் வழியில் டிகிரி சேர்ந்துவிட்டு, “படிக்கவே முடியல மிஸ்” என்று வந்தாள். ‘படிக்க முடியவில்லை’ என்பது புலம்பல், அதில் பிடித்து இழுக்க ஒரு நுனிகூட இல்லை. எழுத வைத்தேன். ராத்திரி பத்துக்கு வீடு. சாப்பிட்டதும் தூக்கம். காலையில் தண்ணி, சமையல். பகல் மூன்றிலிருந்து நாலு வரை கடையில் ஆள் வராது, ஆனால் உட்கார விடமாட்டார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது: நின்றுகொண்டே, புத்தகம் இல்லாமல், ஒரு மணி நேரம் எதைப் படிக்கலாம்? இதற்கு விடை உண்டு. முந்தின ராத்திரி ஐந்து கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய், மனதுக்குள்ளேயே பதில் சொல்லிப் பார்ப்பது. “மூணு மணி டீ வந்ததும் சீட்டை எடுப்பேன்” என்று நேரத்தோடும் செயலோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வெறுமனே ‘படிப்பேன்’ என்பதைவிட இப்படி ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முடிவு செய்வது நன்றாகப் பிடிக்கிறது என்று பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் சொல்கின்றன.

எல்லாம் செய்து பார்த்தாச்சு, இன்னும் என்ன சேர்ப்பது?

எதையாவது எடுத்துப் பார்த்தீர்களா? 2021-ல் கேப்ரியல் ஆடம்ஸும் அவருடைய சகாக்களும் லெகோ கட்டைகள், கட்டப் புதிர்கள் எல்லாம் கொடுத்துப் பார்த்ததில், ஒன்றை நீக்கினாலே சரியாகும் இடத்திலும் ஜனங்கள் சேர்க்கவே பார்த்தார்கள். நீக்கலாம் என்பது மனதுக்கு எட்டவே இல்லை.

என் கதையும் இதுதான். ஒரு வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக மார்க் குறைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு சேர்த்தேன், பிறகு காலை ஆறு மணி டெஸ்ட், பிறகு ஒர்க்‌ஷீட். இன்னும் குறைந்தது. ஒரு பாட்டிதான் சொன்னார், “எம் பேரன் தூங்கியே நாளாச்சும்மா.” காலை டெஸ்ட்டை நிறுத்தினேன். வேறெதுவும் செய்யவில்லை, மார்க் பழைய இடத்துக்கு வந்தது. நாலு மாசம் எனக்குத் தோன்றாத விஷயம்.

நாலு பேர் சேர்ந்து யோசித்தால் நல்லதுதானே?

ஒரு திருத்தத்தோடு. 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். கூடி உட்கார்ந்து யோசித்த நால்வரைவிட, தனித்தனியாக யோசித்துப் பின்னால் சேர்த்த நால்வரிடம் அதிக யோசனைகள் இருந்தன. டீக்கடைப் பேச்சைக் கவனித்தால் தெரியும், முதலில் சத்தமாகப் பேசியவரின் தண்டவாளத்திலேயே எல்லோரும் ஓடுவார்கள். முதலில் தனியாக எழுதுங்கள், அப்புறம் கூடுங்கள்.

கேரம், செஸ் ஆடினால் கணக்கு வருமா?

கேரம் ஆடினால் கேரம் வரும். வடசென்னையில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும், தெருவுக்கு ஒரு கேரம் கிளப் உள்ள ஊர் இது. ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்ததும் இங்கிருந்துதான். ஆனால் 1973-ல் சேஸும் சைமனும் செஸ் ஆட்டக்காரர்களிடம் கண்டது இது: உண்மையான ஆட்டத்தின் காய்நிலையைச் சில விநாடி பார்த்துவிட்டே மாஸ்டர் அப்படியே அடுக்கிவிடுவார், காய்களைத் தாறுமாறாக வைத்தால் அவரும் நம்மைப்போலத் தடுமாறுவார். அவருக்குப் பொதுவான ஞாபகசக்தி கூடவில்லை. செஸ் வடிவங்கள் கொத்துக் கொத்தாகப் பதிந்திருக்கின்றன, ஒரு கொத்து ஸ்டூலில் ஒரு பொருளாக உட்கார்ந்துவிடுகிறது. கணக்குக்கும் அதே மாதிரி கொத்துகள் கணக்குப் போட்டுத்தான் சேரும். ஆட்டத்தை ஆட்டத்துக்காக ஆடுங்கள்.

பிள்ளை திணறும்போது உடனே விடையைச் சொல்லிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அழுகை வரும்வரை பொறுக்கவேண்டாம். மேயர் கயிற்றை அசைத்த அளவுக்கு அசைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்கவேண்டும்?

ஒரு கணக்கில், ஒரு முடிவில் முட்டி நிற்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, எழுந்து குளிப்பதே மலையாகத் தெரிவது வேறு. அதற்கு இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் மருந்து இல்லை. ஸ்டான்லி மருத்துவமனை நமக்குப் பக்கம். கீழ்ப்பாக்கத்தில், 1794-ல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னாலே கேலி செய்த காலம் போகட்டும், வெளிநோயாளியாகப் போய்ப் பேசிவிட்டு அன்றே வீட்டுக்கு வரலாம். போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

சரி மிஸ், அந்தக் குடக் கணக்கு?

நடுக்குடம் 28, பெரியது 76, சின்னது 3, வேண்டியது 25. பெரிய குடத்தைத் தூக்கியவர்களுக்கு 42-தான் மிஞ்சியிருக்கும். அதைக் கீழே வையுங்கள். 28-லிருந்து 3.